புல் இன்சூரன்ஸ் போடுவதா, விடுவதா?



லீசிங் முடிந்ததும் எங்கள் ஸ்டாப் ரூமில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இனித் தேர்ட் பார்ட்டி காணும் சேர்." நானும் அந்த யோசனையில்தான் இருந்தேன். இப்போது மாறிவிட்டேன். மாரி தொடங்க முன்னம் நானாமாரும் தாத்தாமாரும் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

தேர்ட் பார்ட்டி சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் வருட லைசன்ஸ் எடுக்க முடியாது. ஆனால் அது நாம் மோதியவருக்கான காப்பு. நம்முடைய கார் களவு போனாலோ தண்ணீரில் மூழ்கினாலோ ஒரு சதமும் வராது. நாம் இருப்பதோ கடலுக்கும் வாவிக்கும் நடுவில். 1978 நவம்பர் சூறாவளியை வாப்பா இன்னும் சொல்வார். 2011 ஜனவரி வெள்ளத்தை நாமே பார்த்தோம்.

அதற்காக 'புல்' என்றால் எல்லாம் அடக்கம் என்றும் நினைக்காதீர்கள். வெள்ளம், கலவரம், பயங்கரவாதம் எல்லாம் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியவையாக இருக்கலாம். 2018இல் அம்பாறையிலும் திகனயிலும் நடந்ததற்குப் பிறகு, கலவரக் காப்பு எதற்கு என்று நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெரிய பிழை நடப்பது பெறுமதியில். 2020இல் இறக்குமதி நின்றதும் பழைய ஆல்டோவுக்கும் விலை ஏறியது. நாமோ பழைய தொகையையே புதுப்பித்துக்கொண்டு வந்தோம். கார் 40 இலட்சம் பெறும், போட்டிருப்பது 20 இலட்சம் என்று வையுங்கள். 2 இலட்சத்துக்கு அடிபட்டால், பாதிக்குத்தான் காப்பு என்று 1 இலட்சத்தோடு நிறுத்த இடமுண்டு. என் மச்சானுக்கு இதுதான் நடந்தது. கம்பனியைத் திட்டினான், பத்திரத்தில் இருந்ததோ அவனுடைய கையெழுத்து. கூட்டிப் போடுவதும் வீண்தான், தருவது சந்தை விலைக்கு மேல் போகாது.

வட்டியை நினைத்துத் தயங்குகிறவர்களுக்குத் தகாபுல் இருக்கிறது. தகாபுல்தானே என்று பத்திரத்தை வாசிக்காமல் மட்டும் விடாதீர்கள்.

நாளைக்குக் கார் இல்லாமல் போனால் திரும்ப வாங்கக் கையில் காசு உள்ளவருக்கும், மிகப் பழைய வாகனம் வைத்திருப்பவருக்கும் தேர்ட் பார்ட்டி போதும். ஆசிரியர் சம்பளத்தில் எனக்கு அது முடியாது. எக்ஸஸை, அதாவது சேதத்தில் நம் கையால் கட்டும் முதல் பகுதியை, கொஞ்சம் கூட்டிக்கொண்டேன், பிரீமியம் குறைந்தது. வெள்ளக் காப்பையும் சேர்த்து, புல்தான் போட்டேன்.

இன்னொன்று: தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால் உங்கள் பிழை என்று மறுக்கலாம். போட்டோ எடுத்துவிட்டு, கம்பனிக்குக் கோல் பண்ணி, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.