கணனிக்குள் வந்த கப்பம்: எமது கடைகளின் கணக்குகள் எங்கே இருக்கின்றன?

கப்பம் என்ற சொல்லை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. 2006, 2007ஆம் ஆண்டுகளில் கொழும்பில் தமிழ் வர்த்தகர்கள் கடத்தப்பட்டுக் கப்பம் கேட்கப்பட்ட செய்திகளை இங்கிருந்து வாசித்தவர்கள் நாம். இப்போது ஆளைக் கடத்தத் தேவையில்லை. கணனியில் உள்ள கோப்புகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறப்பு வேண்டுமானால் பிட்கொயினில் பணம் அனுப்பு என்கிறார்கள். ரான்சம்வெயார் என்று செய்திகளில் அடிபடுவது இதுதான்.

பாசலில் கடையோ உணவகமோ துப்புரவு நிறுவனமோ நடாத்தும் எம்மவரிடம் இதைப்பற்றிக் கதைத்தால், "எங்கட கடையில என்ன இருக்கு, ஆர் வரப்போறான்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இவர்கள் பெரும்பாலும் யாரையும் தேடி வருவதில்லை. வேலை விண்ணப்பம் போல, பொதி வந்திருப்பது போல, கட்டாத பில் போல ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை அனுப்புகிறார்கள். யார் இணைப்பைத் திறக்கிறாரோ அவர் அகப்படுகிறார். உள்ளே வந்தவர்கள் சில நாட்கள் சத்தமில்லாமல் இருந்து, கடவுச்சொற்களைப் பொறுக்கி, காப்புப் பிரதிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, இரவிலோ வார இறுதியிலோ பூட்டுகிறார்கள்.

சென்ட் காலன் மாநிலத்தின் மோர்ஷ்வில்லில் ஜன்னல் தயாரித்த சுவிஸ்விண்டோஸ் நிறுவனத்துக்கு 2019 மே மாதம் இது நடந்தது. உற்பத்தி வாரக்கணக்கில் நின்றது. 2020 பெப்ரவரியில் நிறுவனம் வங்குரோத்தாகி, சுமார் 170 பேர் வேலை இழந்தனர். அந்தத் தாக்குதலே தங்களை விழுத்தியதில் முக்கியமானது என்று நிறுவனத் தரப்பு பின்னர் சொன்னது. ஒன்பது மாதங்கள் கழித்து விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பூட்டிய நாளில் எந்த நிறுவனமும் சாவதில்லை. பில் அனுப்ப முடியாமல், வரவேண்டிய காசு வராமல், சம்பளமும் வாடகையும் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும் மாதங்களில்தான் சாகிறது.

அடுத்த உதாரணம் ஊரிலிருந்து. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவாகத் திரும்பியது, ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. இணைப்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டுப்பட்டிருந்தது. அந்த மூன்று மாதங்களுக்கும் இணைப்புக்கு வெளியே வைத்த பிரதி கிடையாது. மென்பொருளும் பழைய பதிப்பு, புதுப்பிக்கப் பணம் இல்லை என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். இதை வாசித்துச் சிரித்த எம்மவர் பலருடைய கடைக் கணனியும் இதே நிலைமையில்தான் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பித்தலை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. உங்கள் கடையில் ஓடுவது எது என்று இன்றே பாருங்கள்.

'எல்லாம் கிளவுட்டில இருக்கு' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரொப்பொக்ஸ், வன்ட்ரைவ் போன்றவை உங்கள் கணனியில் உள்ளதை அப்படியே பிரதிபலிக்கின்றன. இங்கே பூட்டுப்பட்ட கோப்பு சில நிமிடங்களில் அங்கேயும் பூட்டுப்பட்ட கோப்பாகப் போய்ச் சேரும். பழைய பதிப்புகளை மீட்கும் வசதி இருக்கலாம், எத்தனை நாளுக்கு என்று கேட்டு வையுங்கள். எப்போதும் கணனியில் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான், அதையும் சேர்த்தே பூட்டுவார்கள். இரண்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றிப் பிரதி எடுத்து, எடுத்தவுடன் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தனிப் பையில் போட்டுத் தோளில் கொழுவிய சனத்துக்கு இது புதிய பாடமல்ல.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை மெவஸ்ட் கணக்குச் சமர்ப்பிக்கிறீர்கள் அல்லவா, அன்றே வேறொரு கணனியில் அந்த டிஸ்க்கைச் செருகி, மூன்று மாதத்துக்கு முந்திய ஒரு பில்லைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் உங்களிடம் பிரதி இல்லை.

கணக்காளனாக எனக்கு அதிகம் பயமளிப்பது கப்பத் தொகை அல்ல. சுவிஸ் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுகளையும் 10 வருடம் வைத்திருக்கவேண்டும். தாக்குதல் நடந்தது என்பதால் அந்தக் கடமை நீங்காது. பதிவுகள் இல்லையென்றால் வரி அதிகாரிகள் உங்கள் வருமானத்தை மதிப்பிட்டுத் தொகை போடலாம். கொள்வனவுகளுக்கு நீங்கள் கட்டிய மெவஸ்டைக் கழிக்க ஆதாரம் காட்ட முடியாமல் போகும். கடனுக்குச் சாமான் எடுத்தவர்களின் பட்டியல் போய்விட்டால், யாரிடம் போய்க் கேட்பது?

சம்பளக் கோப்புகளில் வேலையாட்களின் ஆகாவ் இலக்கம், வங்கிக் கணக்கு, வதிவிட அட்டைப் பிரதி எல்லாம் இருக்கின்றன. இன்றைய கப்பக்காரர் பூட்டுவதற்கு முன் பிரதி எடுத்துக்கொண்டு, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 2023இல் எமது பாசல் நகர மாநிலக் கல்வித் திணைக்களத்தின் வலையமைப்பிலிருந்து திருடிய தரவுகளை, சுமார் 1.2 டெராபைட், பியான்லியான் என்ற குழு இணையத்தின் இருண்ட பக்கத்தில் போட்டது. இந்த ஆபத்துக்குக் காப்புப் பிரதி உதவாது. தேவையில்லாத அட்டைப் பிரதிகளை வைத்திருக்காமல் விடுவதும், பிள்ளைகள் விளையாடும் கணனியில் கடைக் கணக்கை வைக்காமல் இருப்பதும்தான் உதவும். 2023 செப்டெம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆட்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவைக் கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையாளருக்கு அறிவிக்கவேண்டும். சிறு கடைக்கும் இது பொருந்தும்.

பூட்டுப்பட்டது தெரிந்தவுடன் வலைக் கம்பியைக் கழற்றி, வைஃபையை நிறுத்துங்கள். பூட்டுப்பட்ட கோப்புகளை அழிக்கவேண்டாம். திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, மாநிலப் பொலிசுக்கும், 2024 முதல் தனி அலுவலகமாக இயங்கும் கூட்டாட்சி இணையப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். பணம் கொடுக்கவேண்டாம் என்பதே அந்த அலுவலகத்தின் ஆலோசனை, ஏனென்றால் கொடுத்தாலும் திறப்பு வரும் என்ற உத்தரவாதம் இல்லை. யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிசும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்புகள் கிடைக்கின்றன, பூட்டிய கோப்புகளை வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

எம்மவர் பொலிசுக்குப் போகத் தயங்குவார்கள். வதிவிட அனுமதிக்குப் பிரச்சினை வருமோ என்று நினைப்பவர்கள் உண்டு. களவு கொடுத்தவர் முறைப்பாடு செய்வது குற்றமல்ல. இரண்டு கணக்கு எழுதுபவர்களின் தயக்கம் வேறு, அவர்கள் எந்த டிஸ்க்கைக் காட்டுவது என்று யோசிப்பார்கள். அந்தச் சிக்கலுக்கு இந்தக் கட்டுரையில் தீர்வு கிடையாது.

பொலிஸ், வங்கி, கணக்காளர், காப்புறுதி, கணனி திருத்துபவர் ஆகியோரின் இலக்கங்களை இன்றே ஒரு கடதாசியில் எழுதிக் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அன்றைக்கு அவையும் கணனிக்குள்ளேயே பூட்டுப்பட்டிருக்கும்.