உயிருக்கு நாமினி யார்?

பி.காம் படிக்கிறவனுக்கு மரணத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் போன வருடம் ஐ.சி.யூ. வாசலில் டாக்டர், "பாட்டிக்கு வென்டிலேட்டர் போடலாமா?" என்று கேட்டபோது, அப்பாவும் இரண்டு அத்தைகளும் மூன்று பதில் சொன்னார்கள். மூன்று பேரும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சொன்னார்கள்! ஆச்சியின் விருப்பம் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது.

அதன்பிறகுதான் டெர்ரி ஷியாவோ வழக்கைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1990-இல், 26 வயதில், இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்ட பெண். 15 வருடம் குழாய் வழியாகத்தான் உணவு. இப்படி வாழ அவள் விரும்பமாட்டாள் என்றார் கணவர். குழாயை எடுக்கக் கூடாது என்றார்கள் கத்தோலிக்கரான பெற்றோர். டெர்ரி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. நீதிமன்றம் கணவர் தரப்பை ஏற்றது. 2005 மார்ச் 18 அன்று குழாய் அகற்றப்பட்டது. உடனே அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஒரு பெண்ணுக்காகவே ஒரு சட்டம் போட்டது. 21-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அதிபர் புஷ் கையெழுத்திட்டார். அப்போதும் நீதிமன்றங்கள் அசையவில்லை. மார்ச் 31 அன்று டெர்ரி இறந்தார்.

இரண்டே நாளில் போப் இரண்டாம் ஜான் பாலும் இறந்தார். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு குழாய் வழி உணவும் சாதாரணப் பராமரிப்புதான், அதை நிறுத்தக் கூடாது என்று 2004-இல் சொன்னவர் அவர். ஆனால் கடைசி நாட்களில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வாடிகனிலேயே இருந்துவிட்டார். இது முரண்பாடா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மரணத்தின் வாசலில் இருந்தார், டெர்ரி அப்படி இல்லை. அசாதாரணமான சிகிச்சைகளை ஏற்றே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார். கொல்வது வேறு, சாவை ஏற்றுக்கொள்வது வேறு.

விசுவாசத்தை வீட்டுக்குள் பூட்டி வை என்று நான் சொல்லமாட்டேன். படுக்கையில் கிடப்பவர் வெறும் செலவுக் கணக்கு அல்ல என்று திருச்சபை சத்தமாகவே சொல்லட்டும். ஆனால் ஒரு கட்டிலுக்காக நாடாளுமன்றம் சட்டம் போடுவது வேறு விஷயம். இன்று பெரும்பான்மை என் நம்பிக்கைக்காகக் கை தூக்கினால், நாளை வேறொரு பெரும்பான்மை வேறொன்றுக்காகத் தூக்கும். இந்தியாவில் சிறுபான்மையாக வாழும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் உயிர் உயிலை அனுமதித்தது. 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இப்போது நோட்டரி முன்னிலையிலேயே எழுதலாம். வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம், மூச்சுக்குப் போடுவதில்லை!

ஆச்சி ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். அது சரியா, தவறா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை. போன வாரம் அம்மாவிடம், "உங்களுக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேட்டேன். சாப்பிடும்போது பேசுற பேச்சா என்று திட்டு விழுந்தது.

மறுபடியும் கேட்பேன். நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள்.