சுவருக்கு இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி

எங்கள் பங்கில் பெரிய வியாழன் பூசைக்குப் பன்னிரண்டு நாற்காலி போடுவது பதினேழு வருடமாக என் வேலை. தாம்பாளம், செம்பு, துண்டுகள், வெதுவெதுப்பான தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. உட்காருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சாமியார் வலது காலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். தாம்பாளத்துத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வருவது அப்படிப்பட்ட கால்கள் அல்ல. புழுதியில் நடந்து வந்த கால்கள். கழுவுவது வேலைக்காரன் செய்வது. காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் யூதாஸின் காலையும் விட்டுவிடாமல் கழுவினார் இயேசு. அவன் எழுந்து இருட்டுக்குள் போன பிறகுதான் ஒருவர்மேல் ஒருவர் அன்பாயிருக்க வேண்டும் என்ற புதிய கட்டளை வருகிறது. மனமிருந்தால் செய்யுங்கள் என்று விடவில்லை. கட்டளை என்றே சொன்னார். அதற்கு அளவு நம் விருப்பம் அல்ல, அவர் காட்டிய அன்பு.

2013-ல் போப் பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அதில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள்.

ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் இருக்கிறது. நெஞ்சு உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. கிழக்கே எங்கள் சாதி, மேற்கே தலித் கிறிஸ்தவர்கள். பாடகர் குழுவில் இருபது வருடம் என் பக்கத்தில் நின்று பாடிய நண்பரை மேற்கேதான் புதைத்தோம். போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தூறல். அம்மாவின் கல்லறையில் நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நண்பரின் மகள்.

"தீப்பெட்டி நமுத்துப்போச்சு, மாமா."

என் மெழுகுவர்த்தியை நீட்டினேன். சில்லில் படாமல் கையை உயர்த்தித்தான் கொடுக்க முடிந்தது. அவளும் எக்கித் திரியைப் பற்றவைத்துக்கொண்டாள். சாமியார் ஒரே வாளித் தீர்த்தத்தை இரண்டு பக்கமும் தெளித்துக்கொண்டு போனார்.

இந்தச் சுவர் பெரியவர்கள் கட்டியது, தொட்டால் சண்டை வரும் என்கிறார்கள். வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் இருந்தது. 1910-ல் கௌசானல் சாமியார் அதை இடித்தார். சாதி உரிமை கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேலாகியும் நாம் செத்தவர்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். இது பாவம். இதைப் பழக்கம் என்று சொல்லி மறைக்கக் கூடாது.

பங்குப் பேரவையில் இருக்கும் அண்ணன்மாரே, வருகிற பெரிய வியாழனுக்கு முன்னால் அந்தச் சுவரை எடுத்துவிடுவோம். நாலு ஆள் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. கூலியை நான் கொடுக்கிறேன்.