அரபு நாட்டுக்குப் படிக்கப் போனால் என்ன?



இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில், மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு பெயரோடும் ஒரு நாட்டின் பெயர் வாசிக்கப்பட்டது. அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். அப்போது பக்கத்து நாற்காலி நண்பர், "உங்கள் தம்பி மகளும் வெளிநாடு போய் வந்தாளாமே, துபாயா?" என்று கேட்டார். "இல்லை, எகிப்து. ஆராய்ச்சி உதவித்தொகையில் பத்து மாதம் இருந்தாள்" என்றேன். "எகிப்தா? அரபு நாட்டில் போய் என்ன சார் படிப்பு?" என்றார்.

அவர்மீது எனக்கு வருத்தமில்லை. 2022-ல் அந்தப் பெண் அனுமதி கேட்டு வந்தபோது, குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அரபு நாடு என்றால் சம்பாதிக்கப் போகிற இடம் என்பது நம் மனத்தில் பதிந்துவிட்ட கணக்கு. வளைகுடா நாடுகளில் மட்டும் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நம் ஊர்க்காரர் எத்தனையோ பேர். ஆனால் அந்த மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் வாழ்வைப் படித்து வந்தவர் எத்தனை பேர்?

நான் டிப்ளமா படித்து ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். பெரிய ஆராய்ச்சி எதுவும் அறியேன். எனக்குப் புரிந்த அளவில் சில கருத்துகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு முன்னோடி

"எகிப்தில் என்ன படிப்பு?" என்று நான் கேட்டபோது, அந்தப் பெண் ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். அமிதாவ் கோஷ் 1992-ல் வெளியிட்ட 'இன் அன் ஆன்டிக் லேண்ட்'. கோஷ் அப்போது புகழ் பெற்ற எழுத்தாளர் அல்லர். இன்லாக்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போன இந்திய மாணவர். 1979-ல் துனிசியாவில் அரபு மொழி கற்றார். 1980-ல் எகிப்தின் நைல் கழிமுகத்தில் ஒரு கிராமத்துக்கு ஆய்வுக்காகப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த இருப்பிடம், மொட்டை மாடியில் முன்பு கோழி அடைத்து வைத்திருந்த ஓர் அறை!

கிராமத்தார் அவரைக் கேள்வி கேட்டே துளைத்தார்கள். உங்கள் ஊரில் பிணத்தை எரிப்பீர்களாமே, மாட்டைக் கும்பிடுவீர்களாமே என்று. ஒருநாள் அவ்வூர் இமாமோடு இது பெரிய வாக்குவாதமாகி, யார் நாட்டில் பெரிய ஆயுதம் இருக்கிறது என்று இருவரும் தெருவில் நின்று கத்தும் அளவுக்குப் போய்விட்டது. பிறகு அவர் தம்மை நினைத்தே வெட்கப்பட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கலாசாரப் பரிமாற்றம் என்றால் தூதரகத்தில் குத்துவிளக்கு ஏற்றி ஒரு நடனம் ஆடுவது என்று நினைத்திருந்த எனக்கு அந்த இடம் கண்ணைத் திறந்தது. மற்றவர் கேள்விக்கு முன்னால் நம் கோபம் எவ்வளவு சிறியது என்று தெரிந்துகொள்வதும் பரிமாற்றந்தான்.

அதே புத்தகத்தில் 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜூவும், துளு நாட்டைச் சேர்ந்த அவருடைய அடிமையும் வருகிறார்கள். கெய்ரோவின் பழைய யூதக் கோயில் ஒன்றில் சேர்ந்து கிடந்த காகிதங்களில் அவர்கள் காலத்துக் கடிதங்கள் கிடைத்தன. நம் மேற்குக் கரையின் சரித்திரம் எகிப்தில் இருந்திருக்கிறது. அதைத் தேடிப் போக ஓர் இந்திய மாணவருக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள்.

பானையும் உறியும்

தமிழரான நமக்கு இதைவிட நெருங்கிய செய்தியும் உண்டு. செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்று ஓர் இடம். சிகாகோ பல்கலைக்கழகத்தாரும் பின்னர் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தாரும் அங்கே அகழ்ந்தார்கள். கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பானை ஓடுகளில் கிடைத்தன. இன்னொரு சாடியின் உடைசலில் இருந்த எழுத்தை 2007-ல் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். நம் பாட்டிமார் மோர்ப்பானையைத் தொங்கவிட்ட அதே உறிதான்! தெற்கே பெரனிகே துறைமுகத்தில் அமெரிக்க, டச்சு அறிஞர்கள் அகழ்ந்தபோது, இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது.

இச்செய்திகளை மேடையில் சொன்னால் கைதட்டுகிறோம். பானை நம்முடையது, எழுத்து நம்முடையது. அகழ்ந்தவர் யார்? செலவுக்குக் கொடுத்தவர் யார்? அரபு மொழி கற்று அந்த மணலில் வேலை செய்தவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? பெருமைப்பட்டுக்கொள்வது எளிது. அந்தப் பெருமையைத் தேடிப் போகிற பிள்ளைக்கு டிக்கெட் வாங்கிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

பழைய இரும்பில் பிறந்த உதவித்தொகை

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஃபுல்பிரைட் உதவித்தொகை எப்படித் தொடங்கியது தெரியுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகளின் மிச்சச் சாமான்கள் பல நாடுகளில் கிடந்தன. அவற்றை விற்று வரும் பணத்தை மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் 1946-ல் சட்டம் கொண்டுவந்தார். 1949-ல் எகிப்தோடு ஒப்பந்தம். 1950-ல் நம் நாட்டோடு. ரயில்வேயில் எத்தனையோ ஸ்கிராப் ஏலம் பார்த்தவன் நான். பழைய இரும்பு விற்ற பணத்தில் படிப்பு நடத்தலாம் என்ற யோசனை வந்ததே, அதுதான் எனக்கு வியப்பு. குறைவாக இருப்பது பணம் அல்ல, மனம்.

அரசுப் பணத்தில் ஆபத்தும் உண்டு. 2025 ஜூனில், தேர்வில் அரசு தலையிடுகிறது என்று சொல்லி அத்திட்டத்தின் வாரிய உறுப்பினர்கள் ஏறத்தாழ எல்லாருமே விலகினார்கள். ஆகவே அரசை மட்டும் நம்பாமல் நம்மைப் போன்ற சங்கங்களும் சிறிய அளவிலாவது கைகொடுக்க வேண்டும்.

பயம் நியாயமானதே

பெற்றோர் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 2016 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவரான ஜூலியோ ரெஜேனி என்ற இத்தாலியர் கெய்ரோவில் காணாமற்போனார். சில நாள் கழித்துச் சாலையோரம் சித்திரவதைத் தழும்புகளோடு அவர் உடல்தான் கிடைத்தது. அவர் ஆராய்ந்தது அந்நாட்டுத் தொழிற்சங்கங்களை. எகிப்தியப் பாதுகாப்பு அதிகாரிகள் நால்வர்மீது ரோம் நகரில் வழக்குத் தொடரப்பட்டது. எகிப்து அரசு பொறுப்பை மறுத்தது.

இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பச் சொல்வது தவறு. எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, உள்ளூரில் யார் வழிகாட்டி, எழுத்துப்பூர்வமான அனுமதி உண்டா, எடுத்த தலைப்பை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் - இவையெல்லாம் புறப்படுமுன் கேட்க வேண்டிய கேள்விகள். பாதையில் வேலை செய்யும்போது கொடி காட்ட ஆள் நிறுத்தாமல் தண்டவாளத்தைக் கழற்றமாட்டோம். அதற்காக வேலையே செய்யாமலும் இருந்துவிடமாட்டோம்.

அறை கொடுத்தவர்கள்

எங்கள் தகப்பனார் தறியில் உட்கார்ந்தவர். தம்பி மகள் எடுத்துக்கொண்ட ஆய்வும் நெசவுதான். தெற்கு எகிப்தில் சோஹாக் நகருக்கு எதிர்க்கரையில் அக்மீம் என்ற ஊர் நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கே குழியில் கால் விட்டு மிதிக்கும் தறியைப் பார்த்ததும், "பெரியப்பா, தாத்தா தறி!" என்று போனில் கூவினாள். கெய்ரோவிலிருந்து அங்கே ரயிலில் போனாள் என்றதும் நான் பாதை பற்றி விசாரித்தேன். அலெக்சாண்டிரியா - கெய்ரோ பாதை 1856-ல் முடிந்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி ஓடியதும் அதே ஆண்டு. சந்தோஷமாக இருந்தது.

மொழியும் அவளுக்கு முழு அந்நியமாக இல்லை. வசூல், பாக்கி, ரத்து, அசல், ஆஜர், நான் பணிக்காலம் முழுதும் எழுதிய மராமத்து - இவையெல்லாம் அரபு மூலம் கொண்ட சொற்கள். எழுதுவது ஒரு நடை, பேசுவது வேறு நடை என்ற வழக்கம் அங்கேயும் உண்டு. வகுப்பில் கற்ற ஏட்டு அரபியில் காய்கறிக்காரரிடம் பேசினால், இங்கே செந்தமிழில் ஆட்டோ கூப்பிட்ட கதைதான்!

கெய்ரோவில் அவளுக்கு அறை கொடுத்தவர் கணவரை இழந்த ஓர் அம்மா. சேர்ந்த முதல் நாளே, "உன் அப்பாவைக் காட்டு" என்று வீடியோவில் என் தம்பியை அழைக்கச் சொன்னாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு அரபி தெரியாது. இருவரும் கையைக் கையை நெஞ்சில் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். உதவித்தொகை கொடுத்த நிறுவனம் முதல் தவணையை இரண்டு மாதம் தாமதமாக அனுப்பியது. 2022 அக்டோபரில் எகிப்தியப் பவுண்டின் மதிப்பு சரிந்து விலைவாசி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அம்மாவுக்கும் கஷ்டந்தான். ஆனாலும் வாடகையைக் கேட்கவில்லை. அசைவம் பழகாதவள் என்று அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்த கொஷாரி செய்து கொடுத்தார். ரமலான் மாதத்தில் மாலை வேளையில் தனியாகச் சாப்பிட விட்டதே இல்லை.

இதையெல்லாம் கேட்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2018-ல் ஏமன் நாட்டு மாணவர் ஒருவர் எங்கள் மாடி அறையைக் கேட்டு வந்தார். இந்திய அரசின் கலாசார உறவுக் கழகமான ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் இங்கே புணேயில் படிக்க வந்தவர். 1950-ல் மௌலானா ஆசாத் தொடங்கிய அந்த அமைப்பின் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். அவர் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. நான் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அறை அதற்குப் பிறகு ஏழு மாதம் காலியாகக் கிடந்தது.

1982-ல் நான் மராத்தி ஒரு சொல்லும் தெரியாமல் பெட்டியோடு இந்த ஊரில் இறங்கியபோது, ராஸ்தா பேட்டில் ஒரு மராத்தி ஆஜி எனக்கு அறை கொடுத்தார். அவரும் "ஃபேமிலிக்கு மட்டும்" என்று சொல்லியிருக்கலாம். நம் வாசகர்களில் பலருக்கும் இப்படி ஒரு ஆஜியோ, மாஜியோ இருந்திருப்பார். கணியன் பூங்குன்றனாரின் வரியை விழாவுக்கு விழா சொல்லுகிற நாம், வாடகைக்கு விடும்போது மறந்துவிடுகிறோம்.

என் யோசனைகள்

ஒன்று: சங்கத்தில் ஓர் ஆய்வு மாணவர் நிதி தொடங்குவோம். 200 குடும்பம் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். முழு ஆய்வுக்கும் இது போதாது. ஆனால் ஒரு மாணவரின் மொழிப் பயிற்சிக்கும் விமானக் கட்டணத்துக்கும், உதவித்தொகை தாமதமானால் சமாளிக்கவும் உதவும்.

இரண்டு: பெறுகிறவர் புறப்படுமுன் ஆறு மாதமாவது அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும். திரும்பி வந்ததும் நம் மன்றத்தில் தமிழில் பேச வேண்டும். இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டும்.

மூன்று: நம் ஊரில் படிக்கும் ஏமன், சூடான், ஈராக், எகிப்து மாணவர்களை அடுத்த பொங்கலுக்கு அழைப்போம். மேடையில் ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம். பந்தியில் உட்கார வைத்தால் போதும்.

நான்கு: அறை இருப்பவர்கள் கொடுங்கள். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள், வீட்டுக்காரர் கணினி வழியாக அவரைப் பற்றிய விவரங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரங்கள் தேவைப்படும். நானே செய்தேன், கஷ்டமில்லை.

ஆம், சென்ற ஆண்டு ஜூலை முதல் எங்கள் மாடியில் சூடான் நாட்டு மாணவர் ஒருவர் குடியிருக்கிறார். விவசாய ஆராய்ச்சி செய்கிறார். என் மனைவி முதலில் முணுமுணுத்தாள்; இப்போது அவர் வர நேரமானால் இரண்டு முறை வாசலை எட்டிப் பார்க்கிறாள். அந்த ஏமன் மாணவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இந்த யோசனைகளை வரும் பொதுக்குழுவில் எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். நிதிக்கு என் பங்காக முதல் ஆண்டுத் தொகை 1,200 ரூபாயைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.