அமிர்தமும் அளவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வைத்தியர்களும், மருந்துக் கடைக்காரர்களும், இக்காலத்தில் அண்டை வீட்டாருங்கூட தாராளமாகச் சிபாரிசு செய்கிற ஸ்டீராய்ட் என்னும் மருந்துக்கு இந்தப் பழமொழி பாதிதான் பொருந்தும். மிஞ்சினால் தீங்கு என்பது மெய்யே. ஆனால், நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்திவிட்டாலும் உயிருக்கே அபாயம் நேரலாம். இந்த இரண்டாம் பாதியை அறியாதவர் அநேகர். ஆகையால் இவ்வாரம் அதைப் பற்றிச் சற்று விசாரிப்போம்.

இம்மருந்தின் வரலாறு அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்து மேயோ வைத்தியசாலையில் தொடங்குகிறது. மூட்டு வாதத்தால் வருந்திய ஒருவருக்குக் காமாலை கண்டபோது மூட்டு வலி தணிந்துவிட்டதை 1929-ல் பிலிப் ஹெஞ்ச் என்னும் வைத்தியர் கவனித்தார். கர்ப்பிணிகளுக்கும் அவ்வாறே வலி குறைவதைப் பின்னர் கண்டார். தேகத்திலேயே ஏதோ ஒரு பொருள் இந்த நன்மையைச் செய்கிறது என்று ஊகித்தார். அங்கேயே எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன நிபுணர் அட்ரினல் சுரப்பியிலிருந்து சில பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றில் ஒன்று 1948 செப்டம்பரில், படுக்கையை விட்டு எழ முடியாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவள் நடந்தாள். ஒரு வாரத்துக்குள் கடைத்தெருவுக்கும் போய் வந்தாள்! 1950-ல் ஹெஞ்ச், கெண்டல், ஸ்விட்ஜர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கார்ட்டிஸோன் என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

ஆனால் மருந்தை நிறுத்தியதும் பழைய நோய் திரும்பியது. நெடுநாள் கொடுத்தால் முகம் வீங்கிப் பூரண சந்திரன் போலாயிற்று. நோயின் வேரை இம்மருந்து களைவதில்லை, அதன் கொந்தளிப்பை அடக்குகிறது என்பது அப்பொழுதே தெரிந்துவிட்டது.

அடக்குவதும் சிறிய காரியமன்று. ஆஸ்துமா முற்றி மூச்சுத் திணறும்போதும், தேகம் தன்னையே எதிரியாக எண்ணித் தாக்கும் சில வியாதிகளிலும் இது உயிரைக் காக்கிறது. குறைமாதத்தில் பிரசவம் ஆகக்கூடும் என்ற நிலையில் தாய்க்கு இதைக் கொடுத்தால், சிசுவின் நுரையீரல் விரைவில் பக்குவமடைகிறது.

இனி, தீங்கு எங்கிருந்து வருகிறது? சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்தாற்போல் அமைந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நாள்தோறும் இவ்வகைப் பொருளைச் சுரக்கின்றன. மாத்திரைக் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிஸலோனுக்குச் சமம். கடும் நோய்களுக்கு 40 அல்லது 60 மில்லிகிராம்கூடக் கொடுக்க நேரிடுகிறது. இவ்வளவு மிகுதியாக வெகு நாள் உட்கொண்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் உயரும், எலும்பு பலமிழக்கும், கண்ணில் புரை விழும், தொற்று நோயை எதிர்க்கும் சக்தி குன்றும், குழந்தைகளின் வளர்ச்சி தடைப்படும்.

இதற்கிடையில், வெளியிலிருந்து சம்பளம் வாங்காத வேலையாள் ஒருவன் வந்துவிட்டதைக் கண்ட சுரப்பிகள் தங்கள் தொழிலை நிறுத்திக்கொள்கின்றன. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் மருந்து சாப்பிட்டவர், "உடம்பு தேவலை" என்று ஒரே நாளில் அதை விட்டுவிட்டால் உள்ளேயும் சுரப்பு இல்லை, வெளியேயும் வரவு இல்லை. வாந்தியும், தளர்ச்சியும், ரத்த அழுத்த வீழ்ச்சியும் உண்டாகி மயங்கி விழலாம். இதனால்தான் வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்.

வேளை தவறினாலும் இம்மருந்து பகையாகும் என்பதைக் கொரோனாக் காலம் காட்டிற்று. ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தஸோன், பத்து நாள் வரை கொடுத்தால் மரணம் குறைகிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சி தெரிவித்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் யாதொரு நன்மையும் காணப்படவில்லை. ஆயினும் 2021-ல் நம் தேசத்தில் லேசான ஜுரத்துக்கும் பலர் அதை வாங்கி விழுங்கினர். நீரிழிவும் மிதமிஞ்சிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கரும்பூஞ்சை நோய் புகுந்து, கண்ணையும் உயிரையும் கொள்ளை கொண்டது.

களிம்புகளின் கதையும் இதுவே. படர்தாமரைக்கு ஸ்டீராய்ட் களிம்பைத் தடவினால் அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ மறைவாகப் பரவும். முகம் சிவப்பாக வேண்டுமென்று பூசிக்கொள்ளும் பெண்களுக்குத் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பூசுவதை நிறுத்தியதும் முகம் எரிகிறது. வைத்தியரின் சீட்டின்றி இத்தகைய களிம்புகள் பலவற்றை விற்கலாகாதென்று 2018-ல் இந்திய அரசாங்கம் விதித்தது. விதி இருந்தாலும், கேட்டு வாங்குகிறவர்கள் நாமல்லவா?

இவ்வளவையும் படித்துவிட்டு, ஸ்டீராய்ட் என்ற பெயரைக் கேட்டாலே நடுங்கவும் வேண்டாம். ஆஸ்துமாக் குழந்தைக்கு வாய்வழி இழுக்கக் கொடுக்கும் மருந்து மில்லிகிராமின் ஒரு சிறு பகுதியே. நேரே நுரையீரலுக்குப் போவது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்தால் போதும். அதற்கு அஞ்சி மருந்தை ஒளித்து வைக்கும் தாய், குழந்தையின் மூச்சையே பணயம் வைக்கிறாள்.

ஆகவே, இம்மருந்தை நாமாகத் தொடங்கவும் கூடாது. நாமாக நிறுத்தவும் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்குவதும், ஒருவருக்குக் கொடுத்ததை மற்றொருவர் உபயோகிப்பதும் தகாது. வீட்டில் யாரேனும் நெடுநாளாக இதை உட்கொண்டால், மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு காகிதத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வழியில் மயங்கி விழுந்தவர் பேச மாட்டார். அந்தக் காகிதம் அவருக்காகப் பேசும்.