ஒரு பாரின் விலைக்கு ஒரு கிலோ கேழ்வரகு

உங்க ஊர்க் கடையில ஒரு கிரானோலா பார் 40, 50 ரூபாய். 2024-25ல மத்திய அரசு கேழ்வரகுக்கு அறிவிச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4290 ரூபாய், அதாவது கிலோ 42 ரூபாய் 90 காசு. நாலு மாசம் மழையை அண்ணாந்து பார்த்து, களை பறிச்சு, கதிர் அறுத்து, அடிச்சுத் தூத்தி எடுத்த ஒரு கிலோவும், உங்க பிள்ளை நாலு கடியில முடிக்கிற அந்தத் துண்டும் ஒரே விலை. இதைச் சொன்னா, "அதனாலதாங்க நாங்க வீட்டுலயே செய்யறோம்"னு பதில் வருது.

சந்தோஷம். என்ன போட்டுச் செய்யறீங்க? ஓட்ஸ், கலிஃபோர்னியா பாதாம், காய்ஞ்ச கிரான்பெர்ரி, சாக்லேட் சிப்ஸ். கப்பல்ல வந்த சாமானைத் தேன் ஊத்தி ஒட்டினா அது வீட்டுப் பண்டமா? அடுப்பு மட்டும்தான் உங்க வீட்டுது.

கிரானோலாவோட கதையைக் கேளுங்க. 1863 வாக்குல அமெரிக்காவுல ஜேம்ஸ் காலெப் ஜாக்சன்னு ஒரு டாக்டர், முழு கோதுமை மாவைத் தட்டிச் சுட்டு, உடைச்சு, மறுபடி சுட்டு 'கிரானுலா'ன்னு பேர் வச்சார். அவங்க ஊர் தானியம், அவங்க செஞ்சாங்க, தப்பே இல்ல. அடையைச் சுட்டு உதிர்க்கிற அதே வேலையைத்தான் எங்க வடமாவட்டத்துப் பொம்பளைங்க கேழ்வரகுல செய்யறாங்க. அதுக்குப் பேர் சிமிலி. உங்கள்ல எத்தனை பேருக்கு இந்தப் பேராவது தெரியும்?

கேழ்வரகு மாவுல ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சு, அடையா தட்டி, சிறு தீயில ரெண்டு பக்கமும் நல்லா வேக விடுங்க. ஆறினதும் பிய்ச்சு உதிர்த்துக்கங்க. வறுத்துத் தோல் நீக்கின நிலக்கடலை, வறுத்த எள்ளு, பொடிச்ச வெல்லம் சேர்த்து உரல்ல இடிக்கணும். உரல் இல்லாட்டி மிக்சியில விட்டு விட்டு ரெண்டு சுத்து. கடலையில இருக்கிற எண்ணெயும் வெல்லமுமே பிடிச்சுக்கும், பாகு வேண்டாம். சுருங்கினது, பூஞ்சை பிடிச்ச கடலையைக் கண்டிப்பா பொறுக்கிப் போட்டுருங்க, அது விஷம். ரெண்டு நாளுக்கு மேல வெளிய வைக்காதீங்க. அடையில ஈரம் இருக்கும்.

100 கிராம் கேழ்வரகுல 350 மில்லிகிராம் வாக்குல சுண்ணாம்புச் சத்து இருக்கு. தீட்டின அரிசியில பத்துகூட இல்ல. அதுக்காக சிமிலி மருந்துன்னு சொல்ல மாட்டேன். வெல்லமும் இனிப்புதான். பிள்ளைக்கு ஒண்ணு போதும், தட்டு நிறைய வேண்டாம்.

வெல்லம்னதும் ஒரு சண்டை பாக்கி இருக்கு. பளிச்சுன்னு மஞ்சளா இருந்தாதான் வாங்குவேன்னு நிக்கிறது யார்? நீங்கதான். கரும்புப் பாலைச் சும்மா காய்ச்சினா பழுப்பாத்தான் வரும். அதை வெளுக்க வைக்கத்தான் ஹைட்ராஸ்ங்கிற ரசாயனத்தைக் கொப்பரையில போடறாங்க. பழுப்பு வெல்லம் கொண்டுபோனா வியாபாரி விலையைக் குறைக்கிறார். கெமிக்கல் இல்லாத உணவு வேணும்னு பேசறவங்களோட கண்ணு கேக்கிற நிறத்துக்காகத்தான் அந்தக் கெமிக்கலே கொப்பரைக்குள்ள போகுது.

"எங்க பையன் இதெல்லாம் தொடவே மாட்டான்"னு அடுத்த பதில். ஏன் தொடுவான்? கறுப்பா இருக்கு, மினுங்குற காகிதம் இல்ல. போன கோடையில கடத்தூருக்கு வந்த எங்க சொந்தக்காரப் பொண்ணும் மூஞ்சியைச் சுளிச்சா. உருண்டை பிடிக்காம தட்டுல அமுக்கி, நீளநீளமா வெட்டி, வெண்ணெய்க் காகிதத்துல சுத்திக் குடுத்தா என் வீட்டுக்காரி. மூணு தின்னுட்டு நாலாவதுக்கு நின்னுச்சு. வடிவத்துக்குத்தானே அடம்? வடிவத்தைக் குடுங்க, உள்ளே நம்ம சாமானைப் போடுங்க.

2023ல ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு கொண்டாடுச்சு. அதே வருஷம் எங்க தருமபுரியிலயும் நீலகிரியிலயும் ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு நல்லா வாங்குற கை இருந்தாத்தான் எங்க பசங்க அடுத்த ஆடியிலயும் கேழ்வரகு விதைப்பாங்க. இல்லாட்டி மரவள்ளிக்கோ, காட்டை வித்துட்டு ஓசூர் கம்பெனி வேலைக்கோ போயிருவாங்க. ஆதரவு விலைன்னு அறிவிச்சா போதாது, வாங்க ஆள் வேணும். மார்கழி, தையில புதுக் கேழ்வரகு வந்துரும். அஞ்சு கிலோ வாங்குங்க, வெல்லம் பழுப்பா கேளுங்க.