கும்மிக் களத்தைப் பிள்ளைகள் நடத்தட்டும்



வள்ளி ஒயில் கும்மி என்ற நாட்டுப்புற ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்டக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது நெஞ்சு நிறைந்தது. இன்று கொங்கு ஊர்களில் பொழுது சாய்ந்தால் கோயில் திடல்களில் கும்மிச் சத்தம் கேட்கிறது. வாத்தியார் பாட்டெடுத்துக் கொடுக்கிறார். அடி தப்பும் சிறுமியைப் பக்கத்தில் ஆடும் பெரிய பெண் கையைப் பிடித்து நிறுத்தி, நிதானமாகப் பழக்குகிறாள். வகுப்பில் வாய் திறக்கக் கூசும் குழந்தைகள்கூட அரங்கேற்றத்தன்று ஊர் பார்க்கத் தலைநிமிர்ந்து ஆடுகிறார்கள்.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகலாம். பயிற்சி நேரம் குறிப்பது, புதியவர்களுக்குச் சொல்லித்தருவது, அரங்கேற்றத்துக்கு வரவு செலவு எழுதுவது எல்லாவற்றையும் இளைஞர்களே நடத்தட்டும். பெரியவர்கள் கூடவே இருந்து, கேட்கும்போது வழிகாட்டினால் போதும். பொறுப்பைக் கையில் கொடுத்தால்தான் துணிச்சல் வரும்.

எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேளாமல் எல்லாப் பிள்ளைகளையும் களத்தில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அது ஊர்க்கலை. மாலையில் பூட்டிக்கிடக்கும் அரசுப் பள்ளி மைதானங்களை இதற்குத் திறந்துவிட ஊராட்சிகளும் கல்வித்துறையும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, அன்னூர்